திராட்சைப் பந்தலில் ஒரு டிராகன்

பெண் பார்க்கப் போன இடத்தில் சொதப்பாத ஆண்பிள்ளை உலகத்தில் கிடையாது. ஒருவர் காபியை வேட்டியில் கொட்டியிருப்பார். இன்னொருவர் பெண்ணை விட்டுவிட்டுப் பெண்ணின் தங்கையைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார். இதெல்லாம் மன்னிக்கக்கூடிய குற்றங்கள். நான் பெண்ணைப் பார்த்து நாய் என்று சொன்னேன். ஐயையோ, தப்பாகிவிட்டதே என்று பதறி, அதைச் சரிசெய்கிற நல்லெண்ணத்தில், ஐந்து நிமிடம் கழித்துப் பன்றி என்றும் சொன்னேன். (முழுசாகக் கேளுங்கள். அதற்குள் செருப்பைத் தேடாதீர்கள்.)

நடந்தது இரண்டாயிரத்து நான்காம் வருடம். எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. பெரியகுளம் பக்கத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் பக்கம் சீனக்காற்று பலமாக வீசிய காலம் அது. ஜவுளிக்கடைக் கல்லாவில் தொப்பையைக் காட்டிச் சிரிக்கும் புத்தர், மெடிக்கல் ஸ்டோரில் வாயில் காசைக் கவ்விய மூன்றுகால் தவளை, டாக்டர் வீட்டு வாசலில் கிணுகிணுவென்று ஆடும் குழாய்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் வாங்கினேன். சீன ராசியை வைத்து மனிதர்களின் குணத்தை அறிவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம்.

விஷயம் சுலபம். நம் ராசிபோல நட்சத்திரம், பாதம் என்ற தொந்தரவெல்லாம் இல்லை. வருடத்துக்கு ஒரு மிருகம். எலியில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவதாகப் பன்றி, மறுபடியும் எலி. பிறந்த வருடத்தைச் சொன்னால் ஆளின் மிருகம் தெரியும், மிருகம் தெரிந்தால் குணம் தெரியும். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருந்த வருடம் 1976. புத்தகத்தைப் புரட்டினேன். டிராகன்! பன்னிரண்டில் பெரியது. பிறவித் தலைவன், ராஜ தோரணை, யாருக்கும் தலை வணங்காதவன், மற்றவர்கள் தானாக வந்து கீழ்ப்படிவார்கள்.

படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. அட, இத்தனை நாளாக இது தெரியாமல் சாக்பீஸ் பொறுக்கிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. மறுநாளிலிருந்து என் நடை மாறிவிட்டது. கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு போட ஆரம்பித்தேன். மதுரைக்குப் போய் டிராகன் படம் போட்ட பனியன் வாங்கினேன். (ஒரே சலவையில் சாயம் போய், டிராகன் ஓணானாகிவிட்டது.) ரேஷன் கடையிலிருந்து அரிசியைத் தூக்கிவரச் சொன்னால், அது தலைவர்கள் செய்யும் வேலையா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அந்தப் புத்தகத்தை வாங்கி அட்டையை ஒரு தரம் பார்த்தாள்.

“ஏலே மணி, இது என்னலே, கால் மொளச்ச பாம்பு?”

“அது டிராகன்மா. நான்தான் அது.”

“இருந்துட்டுப் போ. அரிசியத் தூக்கிட்டு வந்து அங்கன வச்சுட்டு அப்புறமா இரு.”

பள்ளியிலும் விடவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மிருகம் பார்த்துச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் எலி. சிக்கனமானவர், எதையும் சேர்த்து வைப்பவர் என்று படித்ததும் அவர் பூரித்துப்போனார். ஆறடி உயரமும் அரிவாள் மீசையுமாக இருந்த பி.டி. மாஸ்டர் முயல் என்று வந்தது. மென்மையானவர், கண்ணீரை அடக்கத் தெரியாதவர் என்று வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “உண்மைதான் சார், வெளிய தெரியாது” என்றார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

இதில் பெரிய கூத்து, நான் ஜாதகத்தை நம்பாதவன். “இந்தக் காலத்துல போயி கட்டம் பாத்துக்கிட்டு” என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். என் ஜாதக நோட்டு மஞ்சள் தடவி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நம்மூர் ஜோசியர் சொன்னால் மூடநம்பிக்கை, சீனாக்காரன் சொன்னால் விஞ்ஞானம். அப்படி ஒரு பகுத்தறிவு எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் அனுமந்தன்பட்டியிலிருந்து மகேஸ்வரியின் ஜாதகம் வந்தது. பி.ஏ. வரலாறு. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். ஜோசியர் பொருத்தம் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் காலே தரையில் பாவவில்லை. நான் தரகர் கொடுத்த பயோடேட்டாவை மட்டும் பார்த்தேன். பிறந்த வருடம் 1982. புத்தகத்தைத் திறந்தேன். நாய் வருடம். டிராகனுக்கு ஜென்மப்பகை யார்? நாய். ‘இவ்விரு ராசியினரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது அரிது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“இந்தப் பொண்ணு வேணாம்மா” என்றேன்.

“ஏன்? படிச்ச பிள்ளை, நல்ல குடும்பம். என்ன கொறையக் கண்ட?”

காரணத்தைச் சொன்னால் அம்மா அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவுவாள் என்பது தெரியும். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்து பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். டிராகனின் திட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை ஜீப்பில் கிளம்பினோம். புத்தகம் சட்டைப்பையில் இருந்தது.

அவர்கள் வீட்டில் நல்ல மரியாதை. கேசரி, முறுக்கு, அது போக ஒரு பெரிய தட்டு நிறையப் பன்னீர் திராட்சை. “நம்ம தோட்டத்துப் பழந்தான், சாப்பிடுங்க தம்பி” என்றார் பெண்ணின் அப்பா. எடுத்து வாயில் போட்ட பிறகுதான் பிரச்சினை புரிந்தது. பன்னீர் திராட்சையில் கொட்டை இருக்கும். எங்கே துப்புவது? எதிரே இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழுங்கினேன். முழுங்க முழுங்க, “தம்பிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல” என்று மேலும் மேலும் வைத்தார்கள். நானும் முழுங்கிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் மகேஸ்வரி காபித் தட்டோடு வந்தாள். தலையைக் குனியவில்லை. நேராக என்னைப் பார்த்தாள், பிறகு காலியாகிக்கொண்டிருந்த திராட்சைத் தட்டைப் பார்த்தாள், பிறகு கொட்டையே இல்லாத தரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு காலிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். நான் காலி.

கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நாயாயிற்றே! டிராகனுக்கு ஆகாதே! அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்.

பெண்ணின் தாய்மாமன் ஒருவர் இருந்தார். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். “காலம் மாறிப்போச்சு. பிள்ளைக ரெண்டு வார்த்த பேசிக்கிறட்டும்” என்றார். வீட்டுக்குப் பின்னாலேயே திராட்சைப் பந்தல். அங்கே அனுப்பினார்கள். கம்பத்துப் பள்ளத்தாக்கின் பந்தலெல்லாம் நின்றபடியே பழம் பறிக்க வசதியாகத் தாழ்வாகப் போட்டது. மகேஸ்வரி நிமிர்ந்தே நின்றாள். நான் இடுப்பை மடித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு, தலையில் கொடி சிக்க நின்றேன். யாருக்கும் தலை வணங்காத ராசி.

எனக்கு நேர்மை பொங்கிக்கொண்டு வந்தது. வாழ்க்கையை ஒளிவுமறைவு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டும் இல்லையா?

“உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. “ஆனா ஒரு சிக்கல். நான் டிராகன். நீங்க நாய்.”

மகேஸ்வரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“என்ன சொன்னீக?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொல்லல, சீனாக்காரன் சொல்றான். எம்பத்திரெண்டுல பிறந்தவங்க எல்லாருமே நாய்தான்.”

“எல்லாருமா? எங்க காலேசுல ஒரே வகுப்புல அறுவது பேரு. பாதிக்கு மேல எம்பத்திரெண்டு. ஒருத்திக்கு வாயத் தொறந்தா மூடத் தெரியாது, ஒருத்திக்கு மூடுன வாயத் தொறக்கத் தெரியாது. அம்புட்டுப் பேருக்கும் ஒரே கொணமா?”

நல்ல கேள்வி. புத்தகத்தை எடுத்து வாசித்தேன். நாய் ராசியினர் விசுவாசமானவர்கள். அநியாயத்தைக் கண்டால் பொறுக்காதவர்கள். யாரையும் சட்டென்று நம்பமாட்டார்கள்.

“இது சரியாத்தான் இருக்கு” என்றாள். “எங்கம்மாவும் இதத்தான் சொல்லும். ஆனா நான் பொறந்தது எம்பத்திமூணுல. வீரபாண்டித் திருவிழா சமயம். பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வயசு பத்தலன்னு வாத்தியாரு ஒரு வருசம் கூட்டி எழுதிட்டாரு.”

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டாலும், சேர்க்க வந்தவர் தெரிந்தவர் என்றால், ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். என் ஸ்டாஃப் ரூமில் முக்கால்வாசிப் பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாய் இல்லை! பகை இல்லை! கல்யாணம் நடக்கும்! அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். 1983. சந்தோஷத்தில் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

“நீங்க நாயே இல்லைங்க! நீங்க பன்றி!”

ஐந்தாறு கொடி தள்ளி, பழம் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்த தாய்மாமன் காதில் கடைசி வார்த்தை மட்டும் சுத்தமாக விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி, எங்க பிள்ளைய என்னமோ சொன்னீக?”

இரண்டு நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் பந்தலுக்குள் இருந்தது. என் அம்மா முன்னால் வந்து, “என்னலே செஞ்ச?” என்றாள். நான் குனிந்த நிலையிலேயே புத்தகத்தை உயர்த்திக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். பன்றி ராசி கள்ளங்கபடமில்லாதது, நல்ல சாப்பாட்டில் பிரியம் உள்ளது, தாராள மனசு என்றெல்லாம் வாசித்தேன். “இதுவும் சரியாத்தான் இருக்கு” என்றாள் மகேஸ்வரி மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை.

தாய்மாமன் என்னை முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்: “நான் அம்பத்தேழு. நான் என்ன?”

செத்தோம் என்று நினைத்துக்கொண்டு புரட்டினேன். நல்லவேளை. “சேவல்ங்க.”

அவர் முகம் மாறியது. “கட்டுச் சேவலா?”

“ஆமாங்க” என்றேன். (புத்தகத்தில் சண்டைச் சேவலெல்லாம் இல்லை, வெறும் சேவல்தான்.) தைரியசாலி, கம்பீரமானவர், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்வார் என்று படித்தேன். அவர் மீசையை ஒதுக்கிவிட்டு, “கொஞ்சம் வெசயம் இருக்கும்போல” என்று தன் மச்சானைப் பார்த்தார். மச்சான், அதாவது பெண்ணின் அப்பா, நாற்பத்தொன்பது. புத்தகத்தில் எருது என்று இருந்தது. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதைக் காளை என்று வாசித்தது. ஜல்லிக்கட்டுப் பார்த்து வளர்ந்த மனிதர், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே தள்ளுமுள்ளு. எனக்குப் பாருங்க, எனக்குப் பாருங்க என்று ஆளாளுக்கு வருடம் சொன்னார்கள். “பள்ளிக்கூடத்து வருசமா, நெச வருசமா?” என்று நான் கேட்க, பாதிப் பேருக்கு இரண்டு மிருகம் கிடைத்தது. இரண்டுமே தனக்குப் பொருந்துகிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது என் அம்மா வாயைத் திறந்தாள்.

“இவனுக்கும் ஒரு வருசம் கூட்டித்தான் போட்டுருக்கு. இவன் எங்கன எழுவத்தாறு? எழுவத்தேழு வைகாசி. வீட்டுல இவன் சேட்ட தாங்கமாட்டாம நான்தான் வாத்தியாருகிட்டச் சொல்லி ஒண்ணாப்புல தள்ளுனேன்.”

பதறி நிமிர்ந்தேன், பந்தல் கம்பி தலையில் இடித்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் கிடையாது. இருபத்தேழு வருடமாக ஒருவருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லை. தாய்மாமன் ஆசையாக, “எழுவத்தேழுக்கு என்ன தம்பி?” என்றார். புரட்டிப் பார்த்தேன். பாம்பு. காலும் இல்லை, நெருப்பும் இல்லை. தரையில் ஊரும் சாதாரணப் பாம்பு.

“கொணம் என்ன போட்டுருக்கு? வாசிங்க.”

வாசித்தேன். “பாம்பு ராசியினர் அமைதியானவர்கள். ஆழ்ந்து யோசித்து, அளந்து பேசுவார்கள். இவர்கள் வாயிலிருந்து தேவையற்ற ஒரு சொல் வராது.”

“யாரு, இவுகளா?” என்றார் தாய்மாமன்.

பந்தல் அதிரச் சிரித்தார்கள். என் அம்மாவே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்தின் கடைசி வரியை நான் படித்துவிட்டேன். பாம்புக்கு ஜென்மப்பகை, பன்றி. கூட்டம் இருப்பதையே மறந்து மகேஸ்வரியைப் பார்த்து, “ரெண்டு பேருக்கும் வருசத்த மாத்துன பெறகும் பகைதான் வருதுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீங்க கணக்கு சார்தான?”

“ஆமா.”

“உங்களுக்கும் எனக்கும் ஆறு வருசம் வித்தியாசம். உங்க பக்கம் ஒண்ணக் கூட்டியாச்சு, எம் பக்கமும் ஒண்ணக் கூட்டியாச்சு. வித்தியாசம் எப்படி மாறும்? ஆறு வருசம் தள்ளிப் பொறந்தா பகைன்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். அம்புட்டுத்தான. இதுக்கு எதுக்கு நாயி, பன்னியெல்லாம்?”

வட்டத்தில் பன்னிரண்டு, எதிரெதிரே ஆறு. ஆறாம் வகுப்புக் கணக்கு. அதை வரலாறு படித்த பெண் சொல்ல, கணக்கு வாத்தியாரான நான் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் என் பதிலுக்காகக் காத்திருந்தது. புத்தகத்தை மூடினேன்.

“மாறாதுங்க” என்றேன். “நீங்க சொல்றதுதான் சரி. நான் பண்ணதுதான் தப்பு. மொத்தமும் தப்பு.”

திரும்பும்போது அம்மா ஜீப்பில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சின்னமனூர் தாண்டியது, தேனி வந்தது. அங்கேதான் அம்மா வாயைத் திறந்தாள். “ஊருல பொண்ணு பாக்கப் போறவன் மகாலச்சுமி மாதிரி இருக்குன்னு சொல்லுவான். உன்னயப் பெத்த வயித்துல...” என்று ஆரம்பித்தவள், தேவதானப்பட்டி வரும்வரை நிறுத்தவில்லை.

ஒரு வாரம் அனுமந்தன்பட்டியிலிருந்து தகவல் இல்லை. போர்டில் கணக்குப் போடும்போது கழித்தல் வந்தாலே சாக்பீஸை ஒரு பையன் கையில் கொடுத்துவிடுவேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு நல்ல பெண்ணை ஒரு மஞ்சள் அட்டையை நம்பி இழந்துவிட்டேனே என்று மனசு கிடந்து அரற்றியது. பி.டி. மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புத்தகத்தையும் கொடுத்தேன். கேட்டுவிட்டு அவர் நிஜமாகவே கண் கலங்கினார்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட போனுக்கு அழைப்பு வந்தது. பெண்ணின் அப்பா.

“தம்பி, பிள்ள சம்மதம்னு சொல்லிருச்சு. தாய்மாமன் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நல்ல நாளு நாங்களே பாத்துக்கிறலாமா, இல்ல சீனாவுக்கு ஆளனுப்பணுமா?”

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு மரியாதை போனது போனதுதான். விருந்துக்குப் போனால் தாய்மாமன் வாசலிலேயே, “பாம்பு வந்துருச்சு, பால எடுத்து வைங்கப்பா” என்பார். தோட்டத்துக் கூலி, பஸ் நேரம், பந்திக்கு எத்தனை இலை என்று எந்தக் கணக்கில் சந்தேகம் வந்தாலும் மாமனார், “ரெண்டு பக்கமும் ஒண்ணக் கூட்டிப் பாருங்க மாப்ள” என்பார். கல்யாணம், காதுகுத்து, எதுவாக இருந்தாலும் பந்தியில் பக்கத்தில் உட்காரும் புது ஆளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் சோறு வைக்கமாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. போன வாரம்தான் மகேஸ்வரியிடம் கேட்டேன். அத்தனை பேர் முன்னால் அப்படி அசிங்கப்பட்டவனுக்கு எப்படிச் சம்மதம் சொன்னாய்?

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அதுக்கு முன்னாடி மூணு பேரு வந்து பாத்துட்டுப் போனாக. சமைக்கத் தெரியுமா, மாவாட்டத் தெரியுமான்னாக. நான் ஏதாச்சும் சொன்னா, பொண்ணு எதுத்துப் பேசுதுன்னாக. நீங்க ஒருத்தருதான், அம்புட்டுக் கூட்டத்துல, தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டீக. தப்ப ஒத்துக்கிற மனுசன்னு நம்பித்தான் கழுத்த நீட்டுனேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“அன்னைக்கு ஒத்துக்கிட்டதுதான். அதுக்கப்புறம் இந்நாள் வரைக்கும் ஒரு தடவ ஒத்துக்கிட்டிருப்பீகளா?”

அது சுத்தப் பொய், அவள் சொல்வது முழுக்க முழுக்கத் தவறு என்று ஆதாரங்களோடு அரை மணி நேரம் வாதாடினேன்.